ரிஃப்டா, வைவா? 2016-ல் வீட்டுக்குள் வந்த இரண்டு ஹெட்செட்கள்

"வீட்டுக்கு ஒரு வீஆர் ஹெட்செட் வாங்கலாம்னு இருக்கேன், எது நல்லது?" அப்படின்னு அடிக்கடி கேள்வி வருது. இன்றைக்கு அதற்கு நேரடியாகப் பதில் சொல்லப் போவதில்லை. இதே கேள்வியை வைத்து இணையம் முழுக்க அடித்துக்கொண்ட வருடத்துக்குப் போகலாம். 2016. ஒரு பக்கம் ஆக்குலஸ் ரிஃப்ட், இன்னொரு பக்கம் ஹெச்டிசி வைவ். ரிஃப்ட் மார்ச் 28-ஆம் தேதி அனுப்பத் தொடங்கினார்கள், வைவ் ஏப்ரல் 5. எட்டே நாள் இடைவெளி.

நான் அப்போ காலேஜ். ரெண்டுல ஒண்ணையும் தொட்டுப் பார்க்க வழியில்லை. ஹாஸ்டல் வைஃபையில ரிவ்யூ வீடியோ பார்க்கிறதுதான். நொடிக்கு 90 தடவை புதுப்பிக்கும் திரையைப் பற்றி, பத்து நொடிக்கு ஒரு தடவை நின்று சுற்றும் வீடியோவில் தெரிந்துகொண்டோம்.

அந்த ரிவ்யூக்கள் எல்லாவற்றிலும் ஒரு அட்டவணை இருக்கும். இன்றைக்கு எடுத்துப் பார்த்தால் சிரிப்பு வருது, ஏன்னா இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே எண்கள். இரண்டிலும் ஓலெட் திரை. கண்ணுக்கு 1080 × 1200 பிக்சல். 90 ஹெர்ட்ஸ். சுமார் 110 டிகிரி பார்வை அகலம். இரண்டுக்குமே என்விடியா ஜிடிஎக்ஸ் 970 அளவுக்காவது ஒரு கிராபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டர் வேண்டும். ஏன் அவ்வளவு பெரிய கார்டு? 2160 × 1200 × 90 என்று பெருக்கிப் பாருங்க, நொடிக்கு 23 கோடி பிக்சலுக்கு மேல் வருது. சாதாரண ஃபுல் ஹெச்டி மானிட்டருக்கு 60 ஹெர்ட்ஸில் 12 கோடி சொச்சம்தான்.

விலையில் வித்தியாசம் இருந்தது. ரிஃப்ட் 599 டாலர், வைவ் 799. ஆனால் பெட்டிக்குள் இருந்ததும் வேறு. வைவ் வாங்கினால் கைக்கு இரண்டு கன்ட்ரோலர், சுவரில் மாட்ட இரண்டு சின்னப் பெட்டிகள். ரிஃப்ட் வாங்கினால் மேஜையில் வைக்க ஒரு கேமரா, ஒரு குட்டி ரிமோட், கூடவே எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்ட்ரோலர். அந்தக் கேமராவும் அந்தச் சுவர்ப் பெட்டிகளும்தான் என்னைப் பொறுத்தவரைக்கும் இந்தப் போட்டியின் முழுக் கதை. திரையைப் பற்றிப் பேசியதெல்லாம் வீண்.

பிரச்சினை என்னன்னு முதல்ல பார்த்துடலாம். நீங்க தலையைத் திருப்பினால் ஹெட்செட்டுக்கு அது தெரியணும். அசைவுக்கும் படம் மாறுவதற்கும் நடுவே சுமார் 20 மில்லிசெகண்டுக்கு மேல் போனால் பலருக்கு வயிற்றைக் குமட்டும். தலை எந்தப் பக்கம் திரும்புதுன்னு கண்டுபிடிக்க போனில் இருக்கிற மாதிரி ஒரு ஜைரோஸ்கோப் போதும். தலை எங்கே இருக்கிறது என்பதுதான் கஷ்டம். முடுக்கமானியை வைத்துக் கணக்குப் போடலாமேன்னு தோணும். முடுக்கத்தை ஒருமுறை தொகுத்தால் வேகம், இன்னொருமுறை தொகுத்தால் தூரம். பன்னிரண்டாம் வகுப்பு இன்டெக்ரேஷன்தான். ஆனால் சென்சாரில் 0.01 மீட்டர்/நொடி² அளவுக்கு ஒரு சின்னப் பிசகு இருந்தாலே, பத்து நொடியில் அது அரை மீட்டராக வளர்ந்துவிடும். நீங்க அசையாமல் உட்கார்ந்திருப்பீங்க, உலகம் மட்டும் அரை மீட்டர் நகர்ந்திருக்கும். அதனால் வெளியிலிருந்து யாராவது ஒருத்தர் "நீ இங்கேதான் இருக்கே" என்று சொல்லிக்கொண்டே இருக்கணும்.

ரிஃப்டின் பதில் கேமரா. ஹெட்செட்டின் மேற்பரப்புக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்குகள் பல. ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு தாளத்தில் மின்னும். மேஜையில் இருக்கிற கேமரா அதைப் பார்த்து, எந்தப் புள்ளி எந்த விளக்கு என்று அடையாளம் கண்டு, தலையின் இடத்தைக் கணக்கிடும். சிசிடிவி மாதிரிதான். இதற்கு ஆக்குலஸ் வைத்த பெயர் கான்ஸ்டலேஷன், நட்சத்திரக் கூட்டம்.

வைவில் அப்படியே தலைகீழ். சுவரில் மாட்டுகிற பெட்டிக்கு எதுவுமே தெரியாது. அது பாட்டுக்கு முதலில் ஒரு அகச்சிவப்பு மின்னல் அடிக்கும், பிறகு ஒரு லேசர் கோட்டை அறை முழுக்கத் துடைப்பம் மாதிரி வீசும். ஒருமுறை கிடைமட்டமாக, ஒருமுறை மேலிருந்து கீழாக. ஹெட்செட்டில் 32 ஒளி உணரிகள், ஒவ்வொரு கன்ட்ரோலரிலும் 24. மின்னல் வந்ததிலிருந்து லேசர் தன்மேல் படுகிற வரைக்கும் எவ்வளவு நேரம் என்பதை மட்டும் ஒவ்வொரு உணரியும் பார்க்கும். மோட்டார் நொடிக்கு 60 சுற்று, ஆக ஒரு டிகிரிக்கு சுமார் 46 மைக்ரோசெகண்ட். நேரம் தெரிந்தால் கோணம் தெரியும். பல உணரிகளின் கோணம் தெரிந்தால் இடம் தெரியும். இமேஜ் ப்ராசஸிங் கிடையாது, வெறும் ஸ்டாப்வாட்ச். இதை வடிவமைத்தவர்களில் முக்கியமானவர் வால்வ் கம்பெனியின் ஆலன் யேட்ஸ். பெயர் லைட்ஹவுஸ். பொருத்தமான பெயர், ஏன்னா கலங்கரை விளக்கத்துக்குக் கப்பல் கண்ணுக்குத் தெரிய வேண்டியதில்லை. கப்பல்தான் விளக்கைப் பார்த்துத் தன் இடத்தைத் தெரிஞ்சுக்குது.

இந்த இரண்டு வழிகளும் தனித்தனியாகப் பிறந்தவை இல்லை என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. ரிஃப்டை ஆரம்பித்த பால்மர் லக்கிக்கு 2012-ல் வயது 19. கலிபோர்னியாவின் லாங் பீச்சில் பெற்றோர் வீட்டு கராஜில் முன்மாதிரிகளைச் செய்துகொண்டிருந்தவர். டூம் விளையாட்டை எழுதிய ஜான் கார்மாக் அதில் ஒன்றை வாங்கி, அந்த வருட ஈ3 கண்காட்சியில் காட்டினார். ஆகஸ்டில் கிக்ஸ்டார்ட்டர். கேட்டது இரண்டரை லட்சம் டாலர், வந்தது 24 லட்சம்.

அதே காலத்தில் வால்வ் கம்பெனிக்குள் மைக்கேல் ஆப்ராஷ் குழு ஒரு அறையைத் தயார் செய்து வைத்திருந்தது. சுவரெல்லாம் க்யூஆர் கோடு மாதிரியான கறுப்பு வெள்ளைச் சதுரங்கள். ஹெட்செட்டில் இருந்த கேமரா அந்தச் சதுரங்களைப் படித்துத் தன் இடத்தைக் கண்டுபிடித்தது. அறைக்குள் எழுந்து நடக்கலாம். பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். ஆனால் யார் வீட்டுச் சுவரில் அதை ஒட்டுவார்கள்? ஆராய்ச்சிக் கூடத்துக்குச் சரி, ஹாலுக்குச் சரிவராது. அந்தக் காகிதங்கள் இல்லாமலே அதே வேலையைச் செய்யத்தான் லேசர் வந்தது.

வால்வ் தன் ஆராய்ச்சியை ஆரம்பத்தில் ஆக்குலஸோடு பகிர்ந்துகொண்டது. பிறகு 2014 மார்ச் 25-ஆம் தேதி ஃபேஸ்புக், சுமார் 200 கோடி டாலருக்கு ஆக்குலஸை வாங்குவதாக அறிவித்தது. மூன்றே நாளில் ஆப்ராஷ் ஆக்குலஸின் தலைமை விஞ்ஞானி. தன் ஆட்களே எதிர்முகாமுக்குப் போன பிறகு, வால்வ் தைவானின் ஹெச்டிசியோடு கைகோத்தது. போன் சந்தையில் சறுக்கிக்கொண்டிருந்த ஹெச்டிசிக்கும் புதுசா ஒண்ணு தேவைப்பட்டது. 2015 மார்ச் 1-ல் பார்சிலோனாவில் வைவ் அறிவிப்பு. அடுத்த வருடம் பொருள் கைக்கு வந்துவிட்டது. ஹார்டுவேர் உலகத்தில் இது அசாத்திய வேகம்.

சரி, வீட்டுக்கு வருவோம். வைவ் வாங்கினால் எதிரெதிர் மூலைகளில், தலைக்கு மேல் உயரத்தில், இரண்டு பெட்டிகளையும் மாட்டணும். இரண்டுக்கும் கரண்ட். எழுந்து நடக்க குறைந்தபட்சம் 2 மீட்டருக்கு 1.5 மீட்டர் காலி இடம். கேட்க சின்னதா இருக்கும். ஒரு டபுள் காட் போடற இடம் அது. வாடகை வீட்டில் இருப்பவர் சுவரில் துளை போடலாமா என்பது எந்த ஊரிலும் பிரச்சினைதான். கண்ணாடி, பளபளக்கும் ஷோகேஸ் இருந்தால் லேசர் எதிரொளித்துக் குழப்பும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் இடத்தில் இரண்டு ஹெட்செட்டும் இருந்தது. வைவை ஆன் பண்றதுக்கு முன்னாடி, கண்ணாடித் தடுப்பில் பழைய போஸ்டர்களை ஒட்டுறதுதான் ஜூனியருக்கு முதல் வேலை.

ரிஃப்டில் இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. மேஜையில் கேமரா, நாற்காலியில் நீங்க. வீட்டில் இடம் இருக்காது, மக்கள் உட்கார்ந்துதான் விளையாடுவார்கள் என்பதுதான் அந்தப் பெட்டியின் பந்தயம். நியாயமான பந்தயம்தான். ஆனால் வைவைப் போட்டுக் கையை நீட்டி ஒரு பொருளை எடுத்தவர்களுக்கு அது போதவில்லை. டில்ட் பிரஷில் காற்றில் வரைந்துவிட்டு, வரைந்ததைச் சுற்றி நடந்து வந்தவருக்கு எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரைக் கொடுத்தால் எப்படி இருக்கும்? டச் என்ற கைக் கன்ட்ரோலர்களை ஆக்குலஸ் 2016 டிசம்பர் 6-ல்தான் 199 டாலருக்குக் கொண்டுவந்தது. எட்டு மாதத் தாமதம். கையில் பிடிக்க டச்தான் வைவின் குச்சியைவிடப் பல மடங்கு நல்லது, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் டச்சோடு எழுந்து சுற்றித் திரும்பணும்னா மேஜைக் கேமரா போதாது, உங்க முதுகு கைகளை மறைக்கும். இரண்டாவது கேமரா, பிறகு 79 டாலருக்கு மூன்றாவது. எல்லாமே யூஎஸ்பி வயரில் கம்ப்யூட்டருக்கு வரணும். போர்ட் போதாமல் தனியாக யூஎஸ்பி கார்டு வாங்கிச் செருகியவர்கள் ஏராளம். எளிமையா இருக்கும்னு வாங்கினது, கடைசியில் ஹாலைச் சுற்றி வயரா போச்சு.

கேமரா விஷயத்தில் இன்னொரு நெருடலும் இருந்தது. அது ஃபேஸ்புக்கின் கேமரா. 2016 ஏப்ரலிலேயே அமெரிக்க செனட்டர் ஆல் ஃபிராங்கன், பயனர்களின் உடல் அசைவுகள் உட்பட என்னென்ன தகவல்களைச் சேகரிக்கிறீர்கள், ஏன் என்று கேட்டு ஆக்குலஸுக்குக் கடிதம் எழுதினார். மே மாதம் வேறொரு சண்டை. ஆக்குலஸ் கடையில் வாங்கிய விளையாட்டுகளை வைவில் ஓட வைக்க ரீவைவ் என்று ஒரு இலவச மென்பொருள் ஏற்கெனவே வந்திருந்தது. ரிஃப்ட் செருகியிருக்கிறதா என்று சோதிக்கும் பூட்டு ஒன்றை ஆக்குலஸ் போட்டது. ரீவைவ் எழுதியவர் அதைச் சுற்றிக்கொண்டு போக, காப்புரிமைச் சோதனையையே தாண்டும்படி ஆனது. ஜூனில் ஆக்குலஸே பூட்டைக் கழற்றிவிட்டது. காசு கொடுத்து வாங்கிய விளையாட்டு என்னுடையதா, ஹெட்செட்டுடையதா என்ற கேள்வி அந்த ஒரு மாதத்தில் எழுந்தது. இன்னும் முடியலை.

அப்புறம் விலைச் சண்டை. 2017 மார்ச்சில் ரிஃப்டும் டச்சும் சேர்த்து 598 டாலர், ஜூலையில் தள்ளுபடி விலை 399. ஆகஸ்டில் வைவ் 599-க்கு இறங்கியது. அதே வருடம் ஹெச்டிசி தன் போன் குழுவின் ஒரு பகுதியை 110 கோடி டாலருக்கு கூகுளுக்குக் கொடுப்பதாக அறிவித்தது.

யார் ஜெயிச்சாங்க? 2019 மே 21-ல் ஆக்குலஸ் குவெஸ்ட் வந்தது. 399 டாலர். கம்ப்யூட்டர் வேண்டாம், மேஜைக் கேமரா வேண்டாம், சுவர்ப் பெட்டி வேண்டாம். ஹெட்செட்டின் மூலைகளில் நான்கு கேமராக்கள் வெளியே பார்க்கும். உங்க அலமாரியின் விளிம்பு, போட்டோ ஃபிரேமின் முனை, ஜன்னல் கம்பி, இவற்றையே அடையாளமாக வைத்துத் தன் இடத்தைக் கணக்கிடும். வால்வின் அந்தச் சதுரம் ஒட்டிய அறை ஞாபகம் வருதா? அதே யோசனை, காகிதம் மட்டும் இல்லை. வைவ் பிறந்த அறையின் யோசனை ஃபேஸ்புக்கின் பெட்டியில் வந்து உட்கார்ந்துகொண்டது. 2016-ல் மேஜையில் ஒரு கேமரா இருந்தபோதே கடிதம் எழுதினார்கள். இப்போ நான்கு கேமராவை நாமே முகத்தில் மாட்டிக்கொண்டு வீடு முழுக்க நடக்கிறோம். 2020-ல், புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஃபேஸ்புக் கணக்கு கட்டாயம் என்றும் சொன்னார்கள். பிறகு தளர்த்தினார்கள், அது வேறு கதை.

பழைய பொருட்கள் என்ன ஆச்சுன்னு கேட்டா, ரிஃப்டின் கேமராவை அதற்குப் பின் வந்த எந்த ஹெட்செட்டும் பயன்படுத்தவில்லை. லைட்ஹவுஸ் பெட்டிகள் மட்டும் தப்பித்தன. 2019-ல் வந்த வால்வ் இண்டெக்ஸ் ஹெட்செட், 2016-ன் அதே பெட்டிகளோடும் வேலை செய்தது. வீஆர்சாட்டில் இடுப்பு, கால் அசைவுகளையும் கொண்டுவர விரும்புகிறவர்கள் ஹெச்டிசியின் டிராக்கர்களை உடம்பில் கட்டிக்கொள்வதற்கு இந்தப் பெட்டிகளைத் தேடி வாங்குகிறார்கள். உங்களில் யாருக்காவது செகண்ட் ஹேண்டில் ஒரு வைவ் கிடைத்தால், ஹெட்செட்டுக்குப் பெரிசா விலை கொடுக்காதீங்க. அந்த இரண்டு பெட்டியின் மோட்டாரும் சத்தமில்லாமல் சுத்துதான்னு காதை வச்சுக் கேட்டுட்டு வாங்குங்க.