நீர்க்காகத்தால் மீன்பிடித்தல்

விலங்குகளையும் பறவைகளையும் பழக்கித் தன் தொழிலுக்குத் துணையாக்கிக் கொண்டமை மனித வரலாற்றிற் சிறப்பாகக் குறிக்கத்தக்கதொன்றாகும். வேட்டைக்கு நாயும் வல்லூறும் துணைநின்றமை யாவரும் அறிந்ததே. மீன்வேட்டைக்கு நீர்க்காகம் துணைநின்ற வரலாறோ பலரும் அறியாதது. நம் நாட்டுக் குளங்களிற் சிறகை விரித்து வெயில் காயும் கரும்பறவையின் இனத்ததே அது. சீனா, யப்பான், இங்கிலாந்து ஆகிய மூன்று நாடுகளில் இத்தொழில் அடைந்த நிலையை ஒப்புநோக்கின், ஒரு கலை நிலைபெறுதற்கும் அழிதற்கும் உரிய காரணங்கள் புலனாகும்.

முதற்கண் தொழின்முறையை நோக்குவாம். நீரில் மூழ்கி மீனைக் கௌவுதல் இப்பறவையின் இயல்பு. அதன் கழுத்தின் அடியிற் கயிறோ வளையமோ இடப்படும். சிறுமீன்கள் உட்சென்று பறவைக்கு இரையாகும். பெரியன தொண்டையிலே தங்கும். மீனவன் பறவையைப் படகிலேற்றி அவற்றைக் கக்கச் செய்வான். கட்டு மிக இறுகின் பறவை நலியும். மிகத் தளரின் மீனெல்லாம் அதன் வயிற்றுக்கே போகும். ஆதலின் முடிச்சிடும் கைப்பழக்கமே இத்தொழிலின் உயிர்நிலை எனலாம்.

இதுபற்றிய பழைய எழுத்துச் சான்றொன்று, 7ஆம் நூற்றாண்டிலே தொகுக்கப்பட்ட சூயி வமிச வரலாற்றில் உளது. அச்சீன நூல் ஈண்டுக் குறிப்பது சீனர் வழக்கத்தையன்று, யப்பானியர் வழக்கத்தையே. நீர்க்காகங்களின் கழுத்திற் சிறு வளையமிட்டு, நாளொன்றில் நூற்றுக்கு மேற்பட்ட மீன்களை அவர் பெற்றனர் என அது கூறும். யப்பானியரின் பழைய நூல்களாகிய கொசிக்கி (712), நிகொன் சோக்கி (720) என்பனவும் நீர்க்காகம் வளர்ப்போரைக் குறிப்பிடுகின்றன.

இரு நாட்டு முறைகளும் ஒன்றல்ல. சீனர் முட்டைகளைப் பொரிக்கச் செய்து குஞ்சுகளை வீட்டிலே வளர்த்தனர். மூங்கிற் றெப்பங்களிலிருந்து பெரும்பாலும் கயிறின்றியே பறவைகளை ஏவினர். யப்பானியரோ கடற்கரையிற் காட்டுப் பறவைகளைப் பிடித்துப் பழக்கினர். கிபு நகரின் நகரா ஆற்றில், படகின் முன்னே பைன் விறகுத் தீ எரிய, ஒருவரே பத்துப் பன்னிரண்டு பறவைகளின் கயிறுகளைச் சிக்கலின்றிக் கையாண்டு, அயு என்னும் நன்னீர் மீனை இரவில் வேட்டையாடுவர்.

இங்கிலாந்தில் முதலாம் சேமிசு மன்னன் (1603–1625) இவ்வேட்டையிற் பெருவிருப்புடையவனாயிருந்தான். நீர்க்காகங்களைப் பேணத் தனி அலுவலர் நியமிக்கப்பட்டார். 1618இல் வெசுற்மினிசுற்றரில் அவற்றுக்கெனக் குளங்களும் அமைக்கப்பட்டன. ஆயின் அங்கு இதனைப் பிழைப்பாகக் கொண்ட மீனவர் குலம் இருந்ததில்லை. அரசவையின் ஆர்வம் குன்றவே வழக்கமும் மறைந்தது. 19ஆம் நூற்றாண்டிற் சிலர் அதனை மீளத் தொடங்கியும் அது வேரூன்றவில்லை.

சீனாவில் நிலை இதற்கு மறுதலையானது. அங்கு இஃது ஏழை மீனவரின் பிழைப்பாகவே வளர்ந்தது. வலைகளும் மீன்வளர்ப்பும் மிகுந்த மீனை எளிதில் தரத் தொடங்கியபின் பறவையால் வரும் ஊதியம் போதாதாயிற்று. இன்று இலி ஆற்றில் நீர்க்காகத்துடன் தெப்பத்தில் நிற்பவர் பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளின் படத்துக்காகவே நிற்கின்றனர்.

யப்பானிலோ மீனவர் குலமும் புரவலரும் ஒருங்கே வாய்த்தனர். டொக்குகாவா இயெயாசு 1615இல் நகரா ஆற்றின் வேட்டையைக் கண்டு மகிழ்ந்தார். அவர் வழியினர் ஆட்சியிலும் இத்தொழிலாளர் பாதுகாக்கப்பட்டனர். 1868இல் அவ்வாட்சி முடிய, புரவலரை இழந்த தொழில் தளர்ந்தது. 1890இல் அரசமாளிகை அதனைத் தன் பொறுப்பில் ஏற்றது. இன்றும் கிபுவில் அறுவரும், அயலிலுள்ள ஒசேயில் மூவருமாக ஒன்பதின்மர் அரசமாளிகை அலுவலராய் உளர். தந்தையிடமிருந்து மகன் தொழிலைக் கற்கின்றான். ஆண்டுதோறும் மே 11 தொடங்கி ஒற்றோபர் 15 வரை வேட்டை நிகழ்கின்றது.

இவற்றால் அறியக்கிடப்பது யாது? மக்கட் பயிற்சியின்றிப் புரவலர் ஆதரவு மட்டும் பெற்ற கலை இங்கிலாந்தில் ஒரு மன்னனின் பொழுதுபோக்காய் முடிந்தது. பயிற்சி மிகவிருந்தும் ஆதரவற்ற கலை சீனாவிற் சந்தையின் மாற்றத்துக்கு இரையாயிற்று. யப்பானிலும் மீன்விற்ற வருவாயால் அத்தொழில் நிற்கவில்லை. மாளிகையின் ஊதியமும் காணவருவோர் தரும் பொருளுமே அதனைத் தாங்குகின்றன. ஆயினும் முடிச்சிடும் கை அங்கே இன்னும் மறதியுறவில்லை. கைப்பழக்கம் நூலில் எழுதிக் காக்கப்படுவதன்று. ஒரு தலைமுறை கல்லாதொழியின், அதனை மீட்டுத் தருவார் இலர். அழிந்துவரும் கைத்தொழில்களைப் பேணக் கருதுவோர் உளங்கொள்ளற்பாலது இதுவே.