காருக்கு ஒரு கல்வெட்டு

பழையசீவரம் மலைமேல் லக்ஷ்மி நரசிம்மரைச் சேவித்துவிட்டுத் திரும்பி நின்றால் கீழே பாலாறு தெரியும். தெரிவது பெரும்பாலும் மணல்தான். தண்ணீரை நாமாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டும். செய்யாறும் வேகவதியும் பாலாற்றோடு வந்து கலக்கும் இடம் அது. எதிர்க்கரையில் திருமுக்கூடல் கோயில். அந்தக் கோயில் சுவரில், 11-ஆம் நூற்றாண்டில், வீரராஜேந்திர சோழன் காலத்தில் வெட்டிய நீண்ட சாஸனம் ஒன்று இருக்கிறது. கோயிலைச் சேர்ந்த ஆதுலர்சாலையில் படுக்கை 15. வைத்தியர் ஒருவர், அறுவை வைத்தியர் ஒருவர், மூலிகை கொண்டுவர இருவர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள் இருவர், நாவிதர் ஒருவர். யார் யாருக்கு எவ்வளவு நெல், எவ்வளவு காசு, என்னென்ன மருந்து இருப்பில் இருக்க வேண்டும் என்பதெல்லாம் வரி வரியாகக் கல்லில் ஏறியிருக்கிறது. ஆதுலர்சாலை போய்விட்டது, படுக்கையும் போய்விட்டது. கணக்கு மட்டும் நிற்கிறது.

அது 950 வருஷத்துக் கணக்கு. இதே வட்டாரத்தில், 80, 90 வருஷங்களுக்கு முன் சீமையிலிருந்து வந்த ஒரு மோட்டார் காரின் பதிவுப் புத்தகம் அகப்படாமல் ஒரு குடும்பம் அலைந்துகொண்டிருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததின் விளைவுதான் இந்தக் கட்டுரை.

முதலில் கார் நம் நாட்டுக்கு வந்த கதையைப் பார்த்துவிடலாம். சென்னைப் பட்டணத்துத் தெருக்களில் தினந்தோறும் மோட்டார் ஓட்டியவர் பாரி கம்பெனியைச் சேர்ந்த போக் துரை. வருஷம் 1901. அடையாற்றுப் பக்கம் இருந்த தம் பங்களாவிலிருந்து கடற்கரைப் பக்கத்து ஆபீஸுக்கு அவர் போய் வருவதை ஜனங்கள் கூடி நின்று பார்த்தார்களாம். 1903-இல் சிம்ஸன் கம்பெனியில் சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவிக் கார் ஒன்றை இங்கேயே கட்டி ஓட்டிக் காட்டினார். அப்புறம் வண்டிகள் பெருகின. பெருகியதும் எண் வேண்டியிருந்தது. சென்னை நகரத்துக்கு 'எம்.சி.' என்ற அடையாளம். எம்.சி. 1 யாருடையது தெரியுமோ? துறைமுகத்தின் தலைவர் ஸர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கினுடையது. கப்பலில் வருகிற கார் எல்லாம் எந்த வாசல் வழியாக வந்ததோ, அந்த வாசலைக் கட்டிக் காத்தவருக்கே முதல் எண் போனது பொருத்தம்தான். ஹைக்கோர்ட்டுக் கட்டிடத்தையும் கன்னிமாரா நூல் நிலையத்தையும் கட்டிய ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டியார் எம்.சி. 3 என்ற எண்ணுடன் பிரெஞ்சுக் கார் ஒன்றில் பவனி வந்தார்.

அந்த நாளில் இந்த எண் ஒரு கௌரவம். சர்க்கார் அதைக் கொடுத்த காரணம் வேறு. குதிரை வண்டியை இடித்துவிட்டுப் புழுதியில் மறைந்துபோகிற வண்டியை யாருடையது என்று கண்டுபிடிக்க வேண்டாமா? 1914-இல் நாடு முழுவதற்கும் ஒரு மோட்டார் வாகனச் சட்டம் வந்தது, 1939-இல் அதைவிட விரிவாக ஒன்று, 1988-இல் இன்னொன்று. இப்போது நடப்பது அந்த 1988-ஆம் வருஷத்துச் சட்டம்தான். சட்டம் தடித்துக்கொண்டே போயிற்றே தவிர, கேட்கிற கேள்வி மாறவில்லை. 'நீ யார்? எப்போது பிறந்தாய்? யார் உன்னைக் கொண்டுவந்தார்கள்? கட்ட வேண்டியதைக் கட்டினாயா?' பெண் பார்க்க வந்த வீட்டார் கூட இவ்வளவு தீர்மானமாகக் கேட்கமாட்டார்கள்.

கட்ட வேண்டியது என்றதும் சோழர்களிடம் மறுபடியும் போக வேண்டியிருக்கிறது. முதல் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று ஒரு பட்டம். எத்தனையோ போர்களை அவன் வென்றிருக்கலாம். ஜனங்கள் ஞாபகம் வைத்துக்கொண்டது சுங்கத்தை நீக்கினான் என்பதைத்தான். சுங்கச் சாவடியில் நிற்கிற துன்பம் எவ்வளவு பழையது என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

சுதந்திரத்துக்குப் பிறகு அந்தத் துன்பம் புது ரூபம் எடுத்தது. அந்நியச் செலாவணி அருமையாக இருந்த காலம். சோற்றுக்கும் யந்திரத்துக்கும் செலவிட வேண்டிய பணத்தை ஒரு மிராசுதாரரின் ஆடம்பரக் காருக்குக் கொடுப்பானேன் என்று சர்க்கார் நினைத்தது. அந்த நினைப்பில் நியாயம் இருந்தது. வெளிநாட்டுக் கார்களுக்குக் கதவு சாத்தப்பட்டது. வெளிநாட்டுத் தூதரகத்தார் விட்டுப்போகிற வண்டிகளை அரசாங்க வர்த்தகக் கழகம் விற்கும். நீளமான அமெரிக்கக் காரில் ஒரு நட்சத்திரம் வந்து இறங்கினால், அது பெரும்பாலும் அந்த வழியாக வந்ததாகத்தான் இருக்கும். நம்மைப் போன்றவர்களுக்கு அம்பாஸடரும் பியட்டும். அதற்கும் பல வருஷக் காத்திருப்பு.

இப்போது காலம் மாறிவிட்டது. பணம் இருந்தால் வெளிநாட்டிலிருந்து ஒரு பழைய காரைத் தருவிக்கலாம் என்று நண்பர்கள் சொல்லுகிறார்கள். தருவிக்கலாம்; ஆனால் அதற்கு வயது சரியாக இருக்க வேண்டும். வேடிக்கையாகச் சொல்லவில்லை. ஒருவர் ஓட்டிய காரைக் கொண்டுவருவதானால் அது தயாராகி மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. பழம்பொருள் என்று கொண்டுவருவதானால் 1950 ஜனவரி 1-ஆம் தேதிக்கு முன் தயாராகியிருக்க வேண்டும். இதுதான் நீண்ட நாள் விதி. அப்படியானால் 1955-இல் பிறந்த கார் என்ன செய்வது? புதிது என்று சொல்ல அதற்கு இளமை போதாது. பழசு என்று சொல்ல முதுமை போதாது. இரண்டுங்கெட்டானாக அயல்நாட்டிலேயே கிடந்தது. 2025-இல்தான் இந்த விதியைத் தளர்த்தி, 50 வயது கடந்த வண்டி வரலாம் என்றார்கள். இனி வருஷா வருஷம் ஒரு தலைமுறைக் கார் தானாகவே முதியோர் பட்டியலில் சேரும். நல்ல மாறுதல்தான். ஆனால் வரி தளரவில்லை; பழைய காருக்குச் சுங்கம் மட்டுமே காரின் மதிப்பைத் தாண்டிப் போகிறது.

சுங்கம் கட்டியாயிற்று, வண்டி துறைமுகத்தை விட்டு வெளியே வந்தாயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த படி பதிவு. இதற்கென்றே 2021 ஜூலையில் மத்திய சர்க்கார் தனி விதிகள் செய்தது. முதல் பதிவு நடந்து 50 வருஷம் ஆன இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துக்களோடு தனி வரிசை எண். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். பத்து வருஷம் செல்லும். ஏற்கனவே எண் பெற்ற வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். விண்ணப்பம் கொடுத்து 60 நாளில் சான்றிதழ் தர வேண்டும். அடிச்சட்டம், கூடு, யந்திரம் மூன்றும் பெரிய மாறுதல் இல்லாமல் இருக்க வேண்டும். கண்காட்சிக்கும் பழங்கார் ஊர்வலத்துக்கும் ஆராய்ச்சிக்கும் ஓட்டலாம். பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் கொண்டுபோகலாம். தினசரி ஆபீஸுக்கு ஓட்டக் கூடாது. உற்சவ மூர்த்தி மாதிரி விசேஷ நாளில்தான் புறப்பாடு. விதி செய்தவர்கள் காரை நேசித்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். ஆனாலும் ஒரு வரி நடுவே இருக்கிறது: இறக்குமதியான வண்டிக்குச் சுங்கச் சீட்டு, இந்தியாவிலேயே இருந்த வண்டிக்குப் பழைய பதிவுப் புத்தகம்.

நான் முதலில் சொன்ன குடும்பம் அகப்பட்டுக்கொண்டது இந்த வரியில்தான். தாத்தா வாங்கிய பேபி ஆஸ்டின். பாலாற்றங்கரைக் கிராமம் ஒன்றில் மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் நிற்கிறது. யந்திரத்தைப் பேரன் சரிசெய்துவிட்டான், ஓடுகிறது. புத்தகம்தான் இல்லை. ஒரு ஐப்பசி மழையில் ஓடு ஒழுகிப் பெட்டியோடு நனைந்து, மிச்சத்தைக் கறையான் தின்றுவிட்டது. பேரன் ஓர் ஆபீஸுக்குப் போனான். போலீஸில் எழுதிக் கொடுத்து, கிடைக்கவில்லை என்று சான்று வாங்கி வரச் சொன்னார்கள். வாங்கி வந்தான். வண்டி தாத்தா பேரில் இருப்பதால் வாரிசுச் சான்று கேட்டார்கள். தாத்தாவுக்குப் பிள்ளைகள் ஐந்து பேர். பேரன் பேத்திகள் பதினான்கு. அமெரிக்காவில் இருக்கிற அத்தை பெண்ணிடமிருந்து கூடச் சம்மதக் கடிதம் வந்துவிட்டது. கடைசியில், முதலில் பதிவான ஆபீஸின் பேரேட்டில் பார்த்து நகல் வாங்கி வா என்றார்கள். அந்தப் பேரேடு எந்த அறையில், எந்த ஊரில் இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஜில்லா பிரிந்தது, ஆபீஸ் பிரிந்தது, எண்ணின் எழுத்துக்கள் பல தடவை மாறின. 'புத்தகம் போனால் என்ன தம்பி, நம்பர் பலகையில் எழுதியிருக்கே' என்று பெரியவர் கேட்கிறார். நியாயமான கேள்விதான். ஆனால் பலகையில் எவன் வேண்டுமானாலும் எழுதலாமே என்பது சர்க்காரின் பதில். அதுவும் நியாயம்தான்.

பணமும் பெயரும் இருப்பவர்களுக்கு மட்டும் வழி சுலபமாக இருக்கிறதா என்றால், அதுவும் இல்லை. நடிகர் விஜய் 2012-இல் இங்கிலாந்திலிருந்து ரோல்ஸ் ராய்ஸ் கோஸ்ட் கார் தருவித்தார். அது பழங்கார் அல்ல, புதுசு. பதிவு செய்யப் போனபோது, சுங்கம் போக மாநில நுழைவு வரியும் கட்டிய சான்று வேண்டும் என்றார்கள். அவர் சென்னை ஹைக்கோர்ட்டுக்குப் போனார். வழக்கு ஒன்பது வருஷம் நிலுவையில் இருந்தது. 2021 ஜூலையில் மனு தள்ளுபடியாகி ஒரு லட்சம் அபராதமும் விதிக்கப்பட்டது. இரண்டு நீதிபதிகள் கொண்ட பெஞ்சு அபராதத்தை நிறுத்திவைத்தது. 2022 ஜனவரியில் அவரைப் பற்றித் தீர்ப்பில் இருந்த கடுமையான வாசகங்களையும் நீக்கியது. வரி என்னவோ கட்ட வேண்டியதாயிற்று. இதில் வேடிக்கை என்னவென்றால், 1990-ஆம் வருஷச் சட்டத்தில் பிறந்த அந்த நுழைவு வரி, 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோதே மறைந்துவிட்டது. வரி செத்து நான்கு வருஷம் கழித்து அதற்குத் தீர்ப்பு!

இன்னொரு கதை ராஜ்கோட்டினுடையது. அந்த சமஸ்தானத்து ராஜாவுக்காக 1934-இல் கட்டிய ரோல்ஸ் ராய்ஸ் ஒன்றுக்கு 'இந்தியாவின் நட்சத்திரம்' என்று பெயர். 1960-களில் அது விலைக்குப் போய் வெளிநாடு சென்றது. 2010-இல் அந்த அரச குடும்பத்தாரே ஏலத்தில் திரும்ப வாங்கினார்கள். இந்திய மண்ணுக்காகவே பிறந்த கார். ஆனாலும் கடல் கடந்து திரும்பி வந்தால் சட்டத்தின் கண்ணில் அது இறக்குமதிச் சரக்குத்தான். கடல் கடந்தவனுக்குப் பிராயச்சித்தம் கேட்ட நம் முன்னோர்களை நாம் பரிகாசம் செய்கிறோம்!

இதையெல்லாம் படித்துவிட்டு உத்தியோகஸ்தர்களைத் திட்டக் கிளம்பினால், அதற்கு நான் உடன்பட மாட்டேன். திருட்டு வண்டிக்கு எண்ணை வெட்டி ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வரி ஏய்க்கத் தூதரகத்தின் பெயரைச் சொல்லி வண்டி கொண்டுவந்தவர்களும் இருந்திருக்கிறார்கள். சந்தேகப்படுவதற்குத்தான் அந்த மேஜைக்கு முன்னால் ஒரு மனிதரைச் சம்பளம் கொடுத்து உட்கார வைத்திருக்கிறோம். பக்கத்திலே உத்திரமேரூர்ச் சாஸனத்தைப் பாருங்கள். ஊர்ச் சபைக்கு நிற்பவனுக்குச் சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும். முன்னே வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மட்டுமல்ல, அவன் உறவினர்களும் நிற்கக் கூடாது. 1,100 வருஷத்துக்கு முன்னே பராந்தக சோழன் காலத்திலேயே தஸ்தாவேஜு கேட்கிற புத்தி நமக்கு இருந்திருக்கிறது. ஆனால் அவர்கள் ஒன்று செய்தார்கள். விதியை எழுதியதோடு, எழுதியதை எல்லோரும் பார்க்கும் இடத்தில், அழியாத கல்லில் வைத்தார்கள். பிரஜையிடம் அத்தாட்சி கேட்கிற உரிமை யாருக்கு இருக்கிறதோ, அந்த அத்தாட்சியைக் காப்பாற்றுகிற கடமையும் அவருக்குத்தானே? பெட்டியில் இருந்த ஒரே ஒரு புத்தகத்தைக் கறையான் தின்றது குடும்பத்தின் துரதிருஷ்டம். சர்க்கார் பேரேடும் அகப்படவில்லை என்றால் அதைத் துரதிருஷ்டம் என்று சொல்லி விட்டுவிட முடியாது.

மோட்டார் ஆய்வாளர் வண்டியைப் பரிசோதிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அடிச்சட்டத்தில் பொறித்த எண்ணின் மேல் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்க்கிறார். எண் காகிதத்தில் எழும்பி வருகிறது. கல்வெட்டு இலாகாக்காரர்கள் செய்வதும் இதுதான். ஈரக் காகிதத்தைக் கல்லின்மேல் ஒட்டி, பிரஷ்ஷால் அடித்து, மையை ஒற்றி எடுக்கிறார்கள், மைப்படி என்கிறோம். அப்படி எடுத்த மைப்படிகளால்தான் சோழர் சரித்திரமே நமக்குக் கிடைத்தது.

பழைய பதிவுப் பேரேடுகளுக்கும் அந்த மரியாதை வேண்டும். எந்த ஊர் டாக்டர் எந்த வருஷம் முதல் கார் வாங்கினார், எந்த ஜமீன் எப்போது விற்றது, யுத்த காலத்தில் எந்த வண்டி யார் கைக்கு மாறியது, எல்லாம் ஏதோ ஒரு குமாஸ்தாவின் கையெழுத்தில் அவற்றில் இருக்கிறது. அவற்றைத் தேடி எடுத்து, படம் பிடித்து, ஒரு பட்டியல் போட்டுவிட்டால், பேபி ஆஸ்டின்காரப் பையனைப் போன்றவர்களுக்கு வழி பிறக்கும். திருட்டு வண்டிக்காரனுக்கு வழி அடைபடும். சரித்திரக்காரர்களுக்கும் வேலை கிடைக்கும். வீட்டுப் பெட்டிகளில் இருந்ததைக் கறையான் ஏற்கனவே படித்து முடித்துவிட்டது. ஆபீஸில் இருப்பதையாவது அதற்கு முன்னால் நாம் படித்துவிடலாம்.