நின்டெண்டோ

நின்டெண்டோ ஜப்பானின் கியோத்தோ நகரைத் தலைமையிடமாகக் கொண்ட காணொளி விளையாட்டு நிறுவனம். 1889 செப்டெம்பரில் புசஜிரோ யமவுச்சி தொடங்கியபோது அது பூச்சீட்டுக் கடை. ஆண்டின் ஒவ்வொரு மாதத்துக்கும் நான்காக 48 சீட்டுகள் கொண்ட ‘ஹனபுடா’வை விற்றது. 1902இல் மேனாட்டுச் சீட்டுகளையும் அச்சிட்டது. முந்நூற்றிநாலு விளையாடும் நமக்குப் பழகிய அதே வகைக் கட்டு.

நிறுவனரின் கொள்ளுப்பேரன் ஹிரோஷி யமவுச்சி 1949இல் தலைவரானார். 2002 வரை அவர் கையிலேயே நிர்வாகம் இருந்தது. ஆனால் நிறுவனத்தின் குணத்தை உருவாக்கியவர், சீட்டு இயந்திரங்களைப் பழுதுபார்க்கச் சேர்ந்த குன்பெய் யொகொய் என்றே சொல்லவேண்டும். பழகி மலிவாகிவிட்ட தொழில்நுட்பத்தில் புதிய விளையாட்டைத் தேடுவது அவர் வழி. கல்குலேட்டர் போட்டியால் விலை இறங்கிய திரவப்படிகத் திரையைக் கொண்டு 1980இல் ‘கேம் அண்ட் வோட்ச்’ செய்தார். 1982இல் அந்த வரிசையில் வந்த ‘டொங்கி கொங்’ கருவியில், இடது பெருவிரலுக்கென ஒரு சிலுவை வடிவப் பொத்தானை வைத்தார். விரலை எடுக்காமலே நான்கு திசையும் அழுத்தலாம். 1989இல் வந்த ‘கேம் போய்’க்கு வண்ணத் திரை இல்லை, ஆனால் நான்கு சிறு பற்றரிகளில் பத்து மணித்தியாலத்துக்கு மேல் ஓடியது. வண்ணத்தோடு வந்த போட்டிக் கருவிகள் பற்றரியைச் சில மணித்தியாலங்களில் தின்றன. பின்னர் வந்த வண்ணப் பதிப்பும் சேர்த்து கேம் போய் 11.8 கோடிக்கு மேல் விற்றது.

வீட்டுத் தொலைக்காட்சிக்கான ‘பெமிகொம்’ 1983 ஜூலையில் ஜப்பானில் வந்தது. அதே காலத்தில் அமெரிக்கச் சந்தை தரமற்ற விளையாட்டுகள் குவிந்து சரிந்திருந்தது. அங்கு 1985இல் இறங்கிய நின்டெண்டோ, கருவியிலும் கசெற்றிலும் பூட்டுச் சில்லு வைத்தது. பிற நிறுவனங்கள் ஆண்டுக்கு ஐந்து விளையாட்டுகளே வெளியிட முடிந்தது. கசெற்றையும் நின்டெண்டோவே செய்து கொடுத்தது. தரம் காத்த அந்த ஏற்பாடே பிறர் கழுத்தை இறுக்கவும் செய்தது. ஜப்பானியப் பெமிகொமில் இந்தப் பூட்டு இல்லை. அதனால் அதன் நகல்கள் ஆசியா முழுவதும் பெருகின. நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் ‘ரீவி கேம்’ என்று நின்டெண்டோவின் மரியோவை விளையாடியது அவற்றில்தான்; அந்தப் பணம் கியோத்தோவுக்குப் போகவில்லை. மரியோவைப் படைத்த ஷிகெரு மியமொத்தோவின் பெயரும் பெட்டியில் இருக்கவில்லை.

யமவுச்சிக்குப் பின் வந்த சத்தோரு இவாத்தா தலைமையில் ‘டிஎஸ்’ (2004) கருவி 15.4 கோடியும் ‘வீ’ (2006) 10 கோடிக்கு மேலும் விற்றன. 2012இன் ‘வீ யூ’ 1.36 கோடியோடு நின்றது. கையிலும் தொலைக்காட்சியிலும் விளையாடும் ‘சுவிட்ச்’ (2017) நிறுவனத்தை மீட்டது. 2025 ஜூனில் வந்த ‘சுவிட்ச் 2’ முதல் நான்கு நாட்களில் 35 இலட்சத்துக்கு மேல் விற்றது.