யானையைக் கட்டித் தீனி போட்ட கதை

ஆம்பளைன்னா சொந்தமா ஆலை இருக்கணும். ஏஎம்டியை 1969-ல் தொடங்கியவர்களில் ஒருவரான ஜெரி சாண்டர்ஸ் சொன்னதன் சாரம் இதுதான். 1987-ல் மோரிஸ் சாங் தைவானில் டிஎஸ்எம்சியைத் தொடங்கி, "வரைபடத்தைக் கொண்டு வாங்க, சிப்பை நாங்க செஞ்சு தர்றோம்" என்கிற புது வியாபாரத்தை நடத்திக்கொண்டிருந்தார். ஆலையே இல்லாத கம்பெனிகள் முளைக்கத் தொடங்கியிருந்தன. சாண்டர்ஸின் நக்கல் அவர்களைப் பார்த்துத்தான்.

வெறும் திமிர் என்று தள்ளிவிட முடியாது. 2000 மார்ச்சில் இன்டெலை இரண்டே நாள் முந்தி 1 கிகாஹெர்ட்ஸ் சிப்பை அறிவித்தது ஏஎம்டிதான். ஜெர்மனியின் டிரெஸ்டனில் சொந்த ஆலையும் இருந்தது.

ஆனால் சிப் ஆலை ஒரு விசித்திரமான யானை. நெசவாலையில் ஆர்டர் குறைந்தால் தறியை நிறுத்தலாம், ஷிஃப்டைக் குறைக்கலாம். இங்கே செலவில் பெரும்பங்கு எந்திரங்களுக்கே போய்விடுகிறது. பல நூறு கோடி டாலர் கொட்டி வாங்கிய எந்திரங்கள், ஓடினாலும் ஓடாவிட்டாலும் சில வருடங்களில் பழசாகிவிடும். அதற்குள் அடுத்த தலைமுறைக்குக் காசு வேண்டும். இன்டெல் அதே செலவைப் பல மடங்கு அதிக சிப்புகள் மேல் பரப்பிவிடும். ஏஎம்டியால் முடியாது. என் கணக்கில், தோல்வி வடிவமைப்பில் இல்லை, இந்த வகுத்தலில்தான் இருந்தது.

2006-ல் 540 கோடி டாலருக்கு ஏடிஐயை வாங்கியதில் கடன் கழுத்தை நெரித்தது. 2009-ல் அபுதாபி அரசின் பணத்தோடு ஆலைகள் குளோபல்ஃபவுண்ட்ரீஸ் என்று தனியாகப் பிரிந்தன. யானை போனாலும் கயிறு போகவில்லை. பழைய ஆலையிடமிருந்து இவ்வளவு வாங்கியே தீரணும் என்று ஒப்பந்தம். 2012-ல் வாங்குவதைக் குறைத்துக்கொண்டதற்காக 32 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது ஏஎம்டி. வாங்காத சரக்குக்குக் காசு!

அந்த வருடங்களில் வீட்டுச் சாமான்களை விற்கிற குடும்பம் மாதிரிதான் இருந்தது. மொபைல் கிராஃபிக்ஸ் பிரிவு குவால்காமுக்கு வெறும் 6.5 கோடிக்குப் போனது. உங்கள் ஃபோனில் அட்ரினோ இருந்தால், அந்தப் பெயரின் ஆங்கில எழுத்துகளை மாற்றி அடுக்கிப் பாருங்கள், ரேடியான் வரும். 2013-ல் ஆஸ்டினில் இருந்த சொந்த வளாகத்தை விற்று, அதிலேயே வாடகைக்கு இருந்தார்கள். 2015-ல் பங்கு 2 டாலருக்கும் கீழே.

2018 ஆகஸ்டில் குளோபல்ஃபவுண்ட்ரீஸும் மூச்சு வாங்கி, 7 நானோமீட்டர் போட்டியிலிருந்து விலகியது. தன் 7 நானோமீட்டர் சிப்புகள் எல்லாம் இனி டிஎஸ்எம்சியில்தான் என்று அன்றைக்கே ஏஎம்டி சொல்லிவிட்டது. லிசா சூவின் சாதனை என்று இந்தக் கதையைச் சொல்வார்கள். சரிதான். ஆனால் அடுத்தவன் தோற்றுப்போனதில் கிடைத்த விடுதலையும் அதில் உண்டு. அந்தச் சமயத்தில் இன்டெல், சொந்த ஆலையின் 10 நானோமீட்டரில் வருடக்கணக்காகச் சிக்கிக் கிடந்தது.

2024-ல் இன்டெல் லூனார் லேக் என்ற லேப்டாப் சிப்பை வெளியிட்டது. அதன் மூளையான பகுதியைச் செய்து தந்தது டிஎஸ்எம்சி.