உள்நாட்டுப் போரின் உயிரிழப்பும் புகைப்படச் சான்றும்: அமெரிக்கா, 1861–1865

1861 முதல் 1865 வரை வடக்கு, தெற்கு மாநிலங்களுக்கிடையே நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போர், விரிவாகப் படமெடுக்கப்பட்ட முதல் பெரும் போர்களுள் ஒன்று. அதில் இறந்தோர் தொகை ஏறத்தாழ 6,20,000 என்று நெடுங்காலம் சொல்லப்பட்டுவந்தது. போருக்கு முன்னும் பின்னும் எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்குகளை ஒப்பிட்ட வரலாற்றாய்வாளர் ஜே. டேவிட் ஹாக்கர், 2011இல் அதை 7,50,000 அளவுக்கு உயர்த்தினார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் கணக்கில் ஏறாமலே போயிருக்கக்கூடும் என்றால், இறந்தவரை எண்ணவும் அடையாளம் காணவும் அன்றைய படைகளிடம் ஒழுங்கான ஏற்பாடு இல்லை என்றே பொருள். அந்தக் குறையைப் புகைப்படம் எந்த அளவுக்கு ஈடுசெய்தது? உலகப் புகழ்பெற்ற போர்க்களப் படங்களைக் காட்டிலும், ஒரு பெயரோடும் ஒரு குடும்பத்தோடும் பிணைந்த எளிய படங்களே இழப்பின் உறுதியான ஆவணங்கள் என்பதைச் சான்றுகள் காட்டுகின்றன.

போர்க்களப் படங்களின் கதை ஆன்டீட்டத்தில் தொடங்குகிறது. 1862 செப்டம்பர் 17 அன்று மேரிலாந்தின் ஷார்ப்ஸ்பர்க் அருகே ஒரே நாளில் இறந்தோரும் காயமுற்றோரும் காணாமற்போனோரும் ஏறத்தாழ 23,000 பேர். சடலங்கள் புதைக்கப்படுமுன் அங்கு சென்ற அலெக்சாண்டர் கார்ட்னர் எடுத்த படங்களை, மேத்யூ பிரேடி அக்டோபரில் தம் நியூயார்க் படக்கூடத்தில் காட்சிக்கு வைத்தார். அன்றைய முறையில், கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் தோய்த்து, ஈரம் உலர்வதற்குள் படமெடுத்துக் கழுவிவிட வேண்டும். ஒளி விழச் சில நொடிகள் பிடிக்கும். ஓடுபவனும் சுடுபவனும் தகட்டில் பதிய மாட்டார்கள். அசையாதவர்கள் மட்டுமே தெளிவாகப் பதிவார்கள். ஆகவே சண்டையைக் காட்ட இயலாத கருவி, சண்டையின் விளைவைக் காட்டியது. கண்காட்சியைப் பற்றி எழுதிய நியூயார்க் டைம்ஸ் விமர்சகர், உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு பார்த்தால் முகங்கள்கூடத் தெரிவதைக் குறிப்பிட்டார். விதவைகளும் அனாதைகளும் இந்தப் படங்களுக்குள் வரவில்லை என்பதையும் அவரே சொன்னார். பின்னாளில் வந்த எந்த ஆய்வுக்கும் குறையாத கூர்மை அந்தப் பார்வைக்கு உண்டு.

இத்தகைய படங்களைச் சான்றாகவே ஏற்கக் கூடாது என்பாரும் உண்டு. அவர்கள் காட்டும் உதாரணம் வலுவானது. கெட்டிஸ்பர்க் போருக்குப் பின், 1863 ஜூலையில், பாறைகளுக்கிடையே கிடந்த தெற்குப் படைவீரன் ஒருவனை ஒளிந்திருந்து சுடும் குறிவீரனாகக் காட்டிக் கார்ட்னர் ஒரு படம் வெளியிட்டார். அந்தச் சடலம் வேறோர் இடத்திலிருந்து தூக்கிவந்து கிடத்தப்பட்டது என்பதை வரலாற்றாய்வாளர் வில்லியம் ஃப்ராசனிட்டோ 1975இல் விரிவாக நிறுவினார். இன்னொரு செய்தி இதைவிடக் கலங்கவைப்பது. கார்ட்னர் 1866இல் வெளியிட்ட படத்தொகுப்பில் திமோதி ஓ'சல்லிவன் எடுத்த இரு படங்கள் அடுத்தடுத்து உள்ளன. ஒரே சடலக் கூட்டம் எதிரெதிர்த் திசைகளிலிருந்து எடுக்கப்பட்டிருக்கிறது. ஒன்றின் விளக்கம் அவர்களைத் தெற்கின் கலகக்காரர்கள் என்கிறது. மற்றது வடக்கின் வீரர்கள் என்கிறது. பெயர் இல்லாத உடலுக்கு எந்தத் தரப்பையும் ஒட்டிவிட முடிந்திருக்கிறது. ஆனால் இந்தப் புரட்டைக் கண்டுபிடிக்க உதவியவையும் அதே தகடுகள்தாம்: பாறையின் வெடிப்பையும் துணியின் மடிப்பையும் ஒப்பிட்டே உண்மை வெளிவந்தது. எனவே பொய்யின் இருப்பிடம் பெரும்பாலும் விளக்கவுரை. படத்தைத் தள்ளிவிடுவதற்கு அல்ல, யார், எங்கே, எப்போது என்பதைக் கறாராகக் கேட்பதற்கே இது காரணமாகிறது.

அக்கேள்விக்கு முழு விடை கிடைத்த ஒரு படம், போர்க்களத்தில் எடுக்கப்பட்டதே அல்ல. கெட்டிஸ்பர்க்கில் இறந்துகிடந்த வடக்குப் படைவீரர் ஒருவரின் கையில் மூன்று குழந்தைகளின் கண்ணாடிப் படம் இருந்தது. அவர் யாரென அறிய வேறு எந்தத் தடயமும் இல்லை. அப்போது செய்தித்தாளில் புகைப்படம் அச்சிட வழியில்லை. மரச்செதுக்காக மாற்றினால்தான் படம் பத்திரிகைக்கு வரும். அதனால் 1863 அக்டோபரில் பிலடெல்பியா நாளிதழ் ஒன்று அந்தப் படத்தைச் சொற்களால் விவரித்தது: பிள்ளைகளின் ஏறத்தாழ வயது, அமர்ந்திருக்கும் விதம், மூத்த பையனின் சட்டைத் துணியும் பெண்ணின் கவுன் துணியும் ஒன்றே என்பது வரை. வேறு ஏடுகளும் அதை மறுபதிப்புச் செய்தன. நியூயார்க் மாநிலத்துப் போர்ட்வில்லில் ஒரு தாய் அதை அறிந்து, படத்தின் நகலைப் பெற்றுப் பார்த்தபோது தான் விதவையானதை உறுதிசெய்துகொண்டார். இறந்தவர் ஆமோஸ் ஹியூமிஸ்டன். படத்தின் நகல்கள் விற்ற பணம், கெட்டிஸ்பர்க்கில் 1866இல் திறந்த வீரர்களின் அனாதைப் பிள்ளைகளுக்கான இல்லத்துக்கு உதவியது. அந்த இல்லம் பிள்ளைகள்மீது நடந்த கொடுமையால் அவப்பெயர் பெற்று 1877இல் மூடப்பட்டது. இரக்கத்தைத் திரட்டிய படத்தால் அந்தப் பிள்ளைகளைக் காக்க முடியவில்லை. ஆயினும் விமர்சகர் இல்லையென்று சொன்ன விதவையையும் அனாதைகளையும் ஒரு மரணத்தோடு இணைத்துக் காட்டியது இந்தச் சிறு கண்ணாடித் துண்டுதான்.

மருத்துவப் படங்களும் இதே வகையைச் சேர்ந்தவை. வாஷிங்டனின் ஹேர்வுட் மருத்துவமனையில் அறுவை மருத்துவர் ரீட் போன்டெக்கூ காயமுற்றோரைப் படமெடுத்தார். பலர் தம் பெயரும் படைப்பிரிவும் எழுதிய பலகையைப் பிடித்தபடி இருக்கிறார்கள். குண்டு புகுந்த பாதையைச் சில படிகளில் அவர் சிவப்பால் வரைந்தும் காட்டினார். வடக்குப் படையில் மட்டும் ஏறத்தாழ 30,000 உறுப்புத் துண்டிப்புகள் பதிவாகியிருக்க, அந்த எண்ணிக்கை ஒரு மனிதனின் தோளிலும் தொடையிலும் என்ன ஆயிற்று என்பதை இவை சொல்கின்றன. நோயாளியின் உடலை இப்படிக் காட்சியாக்குவது அவன் மானத்தைக் குறைக்காதா என்ற கேள்வி நியாயமானது. துயில்வது போலவோ வலியிலோ இருப்பவன் மனமொப்பித்தான் சம்மதித்தானா என்று இப்படங்களிலிருந்து அறிய வழியில்லை. ஆனாலும் ஓய்வூதிய உரிமையை மெய்ப்பிக்கவும் இவை பயன்பட்டன; களத்தில் கிடந்தவனுக்குக் கிடைக்காத பெயர் இவனுக்கு இருந்தது, அந்தப் பெயரால் அவன் அரசிடம் கேட்கவும் முடிந்தது.

படம் காட்டாத பகுதி பெரிது. இறந்தவர்களுள் ஏறக்குறைய மூன்றில் இருவர் வயிற்றுப்போக்கு, டைஃபாய்டு போன்ற நோய்களால் மாண்டவர்கள். அந்த மரணங்களைத் தேடிக் கருவி செல்லவில்லை. வடக்கின் கடல் முற்றுகையால் ரசாயனம் கிடைக்காத தெற்கில் படமெடுப்பதே அரிதாயிற்று. கறுப்பின மக்கள் படும் பாட்டைக் காட்டிய படங்கள் மிகச் சில: 1863இல் பேட்டன் ரூஜில் எடுக்கப்பட்ட, சாட்டைத் தழும்பேறிய முதுகின் படம், 1865 ஏப்ரலில் ஜான் ரீக்கி எடுத்த, கோல்ட் ஹார்பரில் முந்தைய ஆண்டு இறந்தோரின் எலும்புகளைக் கறுப்பினத் தொழிலாளர்கள் பொறுக்கியெடுக்கும் படம். எனவே எண்ணிக்கையைப் படங்களிலிருந்து பெற முயல்வது வீண். அவற்றால் செய்யக்கூடியது, ஒரு முகத்துக்கு ஒரு பெயரை மீட்பது. அந்த வேலை நின்றுவிடவில்லை: 2010இல் லில்ஜென்குவிஸ்ட் குடும்பத்தார் காங்கிரஸ் நூலகத்துக்கு வழங்கிய நூற்றுக்கணக்கான வீரர் படங்களில் பெரும்பாலானோர் பெயர் அறியப்படாதவர்கள், நூலகம் அவற்றை இணையத்தில் திறந்துவைத்த பின் சிலர் அடையாளம் காணப்பட்டிருக்கிறார்கள்.