நாம் பார்த்த ‘கபாலி’

செகிஞ்சான், கோலசிலாங்கூர் பக்கத்துப் பெரியவர்களிடம் தோட்டத்துத் திடலில் வெள்ளைத்துணி கட்டிப் படம் போட்ட காலத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். நேரம் போவது தெரியாமல் பேசுவார்கள். முன்னால் இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்பக்கம் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். அங்கே எம்.ஜி.ஆர். இடது கையால் வாள் சுழற்றுவார். விடியுமுன் பால்வெட்டப் போக வேண்டியவர்கள் கண்விழித்துப் பார்த்த அந்தப் படங்களில் பால்மரமும் லயத்து வீடும் வராது. அதை ஒரு குறையாக யாரும் என்னிடம் சொன்னதில்லை.

இத்தனைக்கும் இது கதையில்லாத வட்டாரம் அல்ல. மலாயாவின் முதல் வணிகச் செம்பனை நடவு 1917இல் இங்கேதான், தென்னமரம் தோட்டத்தில் நடந்தது. பெயரைப் பாருங்கள், தமிழ்! நட்ட துரை ஹென்றி ஃபோகோனியே. மலாயாவைப் பற்றி அவர் எழுதிய நாவல் 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு பெற்றது. துரையின் கண் அவ்வளவு சீக்கிரம் பதிவாகிவிட்டது. தோட்டத்துப் பெண்ணின் படிப்பாசையைச் சொன்ன தீபக் குமாரன் மேனனின் ‘செம்மண் சாலை’ வந்ததோ 2005இல்.

பிறகு 2015 டிசம்பரில் சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’. தோட்டத்தைவிட்டு வந்த குடும்பம், தொண்ணூறுகளின் கம்பம், 12 வயது அப்போய். ஸ்டார் வார்ஸ் வெளியான அதே நாளில் வந்து அதோடு மல்லுக்கட்டியது. அடுத்த ஆண்டு சிறந்த மலேசியத் திரைப்பட விருதை வாங்கியது. தேசிய மொழியில் இல்லாத படங்களைத் தனிப் பிரிவில் ஒதுக்கப் பார்த்து, எதிர்ப்பு கிளம்பியதும் மாற்றிக்கொண்ட விழா அது.

இரண்டுக்கும் நடுவில், 2016 ஜூலையில், ‘கபாலி’. கோட்டு போட்ட ரஜினி தோட்டத்துச் சம்பளப் போராட்டத்தைப் பேசியபோது தியேட்டரே அதிர்ந்தது. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ‘கபாலி’யில் வழிதவறிய பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி இருக்கிறது, காப்பாற்ற ஒரு தலைவர் இருக்கிறார். அப்போய்க்கு அப்படி யாரும் இல்லை. படி படி என்று அடிக்கிற அப்பா ஒருபக்கம், கெத்தாகத் திரியும் மெக்சிகோ ஒருபக்கம். பையன் ஏன் மெக்சிகோ பக்கம் சாய்கிறான் என்பதை வசனம் சொல்வதில்லை. வீட்டின் இறுக்கத்தைக் கேமரா காட்டுகிறது. நம் வரலாறு ஒரு படத்தில் பேச்சாக வருகிறதா, வாழ்க்கையாக வருகிறதா? படம் பார்க்கும்போது நான் முதலில் கேட்டுக்கொள்வது இதைத்தான். ‘ஜகாட்’ மெதுவாகப் போகிறது என்று சலித்துக்கொள்கிறவர்கள், ரஜினியின் நடைவேகத்தில் அப்போயின் நாளை அளக்கிறார்கள்.

இன்னொன்று. ‘கபாலி’ இந்தியாவில் ஒரு துப்பாக்கிச் சத்தத்தோடு முடிகிறது; என்ன ஆனது என்று பார்ப்பவர்தான் யோசிக்க வேண்டும். மலேசியப் பிரதியில் கபாலி போலீசில் சரணடைந்தார் என்று ஒரு வரி சேர்க்கப்பட்டது. கேள்வியாக விட்டிருந்ததை இங்கே பதிலாக்கிவிட்டார்கள். குண்டர் கும்பல் கதை சட்டத்துக்கு அடங்கித்தான் முடிய வேண்டும் என்பது யாருடைய கவலை? இயக்குநருடையது அல்ல.

தமிழ்நாட்டுப் பிரதியைப் பிற்பாடு பார்த்த தோட்டத்து நண்பர் போன் போட்டுக் கேட்டார்: “என்னடா, கடைசியில ஒரு எழுத்து வருமே, அதக் காணோம்?”