வழித்துணை

நெடுவழி போவோர் துணையின்றிப் போகலாகாது என்பது நம் முன்னோர் கொண்ட வழக்கம். வணிகர் சாத்தாகக் கூடிச் சென்றனர். யாத்திரிகர் சத்திரந்தோறும் துணை தேடிக்கொண்டனர். ஆற்றுப்படை என்னும் நூல்வகையே வழியிடைச் சந்திப்பில் பிறந்ததுதான். பரிசில் பெற்று மீளும் பாணன், பசியோடு எதிர்வரும் பாணனுக்கு வழி கூறுகின்றான். இந்த ‘வழித்துணை’ என்னும் சொல்லை இந்தியில் ‘சகயாத்ரி’ என்று பெயர்த்துவிடலாம். ஆயின் உடன் செல்பவன் என்ற பொருள் மட்டுமே அதில் வந்து சேரும். துணை என்னும் பாதி வழியிலேயே நழுவிவிடும். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டோர்க்கு இத்தகைய இழப்புகள் அன்றாட அனுபவம்.

ஒன்று கவனிக்க வேண்டும். ஆற்றுப்படையில் எதிர்ப்படும் இருவரும் பெரும்பாலும் ஒரே தொழிலினர். ஒருவர் வறுமையை மற்றவர் அறிந்தவர். குலத்தாலும் நிலையாலும் சற்றும் பொருந்தாத இருவரை ஒரே பலகையில் அருகருகே அமர்த்தி வைத்தது புகைவண்டியே.

1853 ஏப்ரல் 16-இல் பம்பாயிலிருந்து தாணாவுக்கு முதல் வண்டி ஓடிற்று. 1856-இல் சென்னை இராயபுரத்திலிருந்து மேற்கு நோக்கி மற்றொரு பாதை புறப்பட்டது. 1863-இல் போர்க் கணவாய் ஏறும் பாதை திறக்கப்பெற்றது. இரு பாதைகளும் 1871-இல் இராய்ச்சூரில் கைகோத்தன. அன்று முதல் ஏறத்தாழ 1,280 கிலோமீட்டர் தொலைவு தமிழனுக்கு எட்டும் தொலைவாயிற்று. திருநெல்வேலியிலிருந்து வருவோர்க்கோ இன்னுமொரு தொல்லை உண்டு. தென்பாதை மீட்டர் அளவினது. பம்பாய்ப் பாதை அகன்றது. ஆகவே எழும்பூரில் இறங்கி, படுக்கையும் பெட்டியும் சுமந்து சென்ட்ரலுக்குச் சென்று வண்டி மாறியாக வேண்டும். அரக்கோணம், குண்டக்கல், வாடி, சோலாப்பூர், புனே எனக் கடந்து தாதரில் இறங்குமுன், கட்டுச்சோறு தீர்ந்திருக்கும். அயலாரின் குடும்பக் கதையும் முழுவதும் தெரிந்திருக்கும்.

அவ்வண்டிகளில் வந்தோர் யார்? தோல் பதனிடும் தொழிலை நாடித் திருநெல்வேலிச் சீமையினர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொட்டுத் தாராவியில் வந்து குடியேறினர். 1896-இல் பிளேக் நோய் நகரைச் சூறையாடியபின் 1898-இல் அமைந்த நகர் மேம்பாட்டு அறக்கட்டளை, வடபால் மாதுங்காவில் ஒழுங்கான தெருக்களை வகுத்தது. ஆங்கிலக் கல்வியும் தட்டெழுத்தும் கற்றுவந்த எழுத்தர்கள் அங்கே அமர்ந்தனர். 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கமும், 1952-இல் சண்முகானந்த சபையும் தோன்றின. விடுதலைக்குப்பின் டிராம்பேயில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் அணு ஆய்வுக்கூடமும் எழவே, செம்பூர் மூன்றாவது தமிழகமாயிற்று.

படத்தில் பார்த்தால் தாராவிக்கும் மாதுங்காவுக்கும் இடையே ஓடுவது இருப்புப்பாதை ஒன்றே. ஆயினும் தோலைத் தொட்ட கையும் தாளைத் தொட்ட கையும் வண்டியில் பகிர்ந்துகொண்ட நெருக்கத்தை ஊரில் பகிர்ந்துகொள்ளவில்லை. இருவரையும் கொண்டுவந்து சேர்த்த தண்டவாளமே இருவர்க்கும் எல்லைக்கோடும் ஆயிற்று. மாதுங்காவின் அரோரா திரையரங்கில் பல்லாண்டுகள் தமிழ்ப் படங்கள் ஓடின. 1966-இல் சிவசேனை தோன்றித் தென்னிந்தியர்மீது பகைமை மூண்ட நாட்களில், பகைத்தோர் எழுத்தன் என்றும் தொழிலாளி என்றும் பிரித்துப் பார்க்கவில்லை. நாம்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இவ்வரலாற்றை எண்ணுந்தோறும் நினைவுக்கு வருவது 2003 சனவரியில், பொங்கலையொட்டி வெளிவந்த ‘அன்பே சிவம்’ என்னும் திரைப்படம். கமல்ஹாசன் கதை எழுத, மதன் உரையாடல் எழுத, சுந்தர் சி. இயக்கியது. புவனேசுவர விமான நிலையத்தில் மழை இருவரை நிறுத்திவைக்கிறது. ஒருவர் நல்லசிவம், விபத்தில் முகம் சிதைந்த பொதுவுடைமைத் தோழர். மற்றவர் அன்பரசு, விளம்பரப் படம் எடுக்கும் இளைஞர். தம் பெயரையே ‘அ. அரஸ்’ என்று குறுக்கிக்கொண்டவர். பெயரில் அன்பைக் களைந்துவிட்ட அவ்வேடத்தை மாதவன் ஏற்றிருந்தார். தோற்றத்தைக் கண்டு அன்பரசு அருவருக்கிறார். தீவிரவாதி என்றே ஐயுறுகிறார். விமானம் இல்லையென்றானபின் பேருந்தும் இரயிலுமாகச் சென்னை நோக்கிச் செல்கின்றனர். இடையே நேர்ந்த இரயில் விபத்தில் அடிபட்ட சிறுவன் ஒருவனுக்கு அன்பரசு தம் குருதியைக் கொடுக்கிறார். சிறுவன் பிழைக்கவில்லை. அந்த மரணத்துக்குப்பின் அந்த இளைஞரின் பேச்சே மாறிவிடுகிறது. இப்பகுதி படத்தின் உயிர்நிலை என்பேன். பின்னோக்கிச் சொல்லும் காதற்கதை அத்துணை வலிவுடையதன்று.

திருமூலர் கருத்தைத் தலைப்பாகத் தாங்கிய இப்படத்தில் இறைமறுப்பாளர் ஒருவரே அக்கருத்தின் உருவாக நிற்பது வேடிக்கையன்று, வேண்டுமென்றே செய்தது. சென்னை சேர்ந்ததும், அன்பரசு மணக்கவிருக்கும் பெண் தாம் முன்பு காதலித்தவளே என்று நல்லசிவம் அறிகிறார். உரிமை கோரவில்லை. ஆலைத் தொழிலாளர்க்கு உரிய ஊதியத்துக்கு முதலாளியின் கையொப்பம் பெற்றுக்கொண்டு தம் வழியே போய்விடுகிறார். அண்ணன் என்று அழைத்து உடன் வைத்துக்கொள்ள விரும்பியவர் கையிலும் அவர் அகப்படவில்லை.

வெளிவந்த காலத்தில் இப்படம் பணம் ஈட்டவில்லை. பின்னர்த் தொலைக்காட்சி வழியே வீடுதோறும் நுழைந்து, ஆண்டுக்கு ஆண்டு அன்பர்களைப் பெருக்கிக்கொண்டது. தென்பாதைகளும் அகலப்படுத்தப்பட்டுவிட்டன. நாகர்கோவிலில் ஏறினால் இன்று மும்பை வரை ஒரே வண்டி, எழும்பூரில் இறங்கவேண்டியதில்லை. எதிர்ப்பலகையில் இருப்பவர் தாராவிக்குப் போகிறவரா, செம்பூருக்குப் போகிறவரா என்று கேட்டறிய இப்பொழுது முன்னிலும் நேரம் மிகுதியாக உண்டு.